தார் ராட்டைக்கு ஒரு மோட்டார்: அறுந்த நூலும் சூடான டிரான்சிஸ்டரும்

அத்தை வீடு சென்னிமலைப் பக்கம். மாமா கைத்தறி நெய்கிறார், அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பது அத்தை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் உட்காருகிற, ஊடை நூல் சுற்றிய குச்சிதான் தார். சிட்டமாக, அதாவது வளையக் கட்டாக, வரும் நூலைச் சுழல் சட்டத்தில் மாட்டிவிட்டு, வலது கையால் ராட்டைச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இடது கை விரல்களுக்கு நடுவே நூலை ஓடவிட்டுக் குச்சியில் ஏற்ற வேண்டும். முப்பது வருடம் சுற்றியதில் அத்தையின் வலது தோள்பட்டை போய்விட்டது. "ஒரு மோட்டாரு மாட்டிக் குடு கண்ணு, உனக்குத்தான் இந்தக் கரண்டு வேலையெல்லாம் தெரியுமே" என்றார்.

மோட்டார் வைத்த தார் மிஷின் விலைக்கே கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் இருந்ததை அத்தை ஒருநாள் ஓட்டியும் பார்த்திருக்கிறார். சுவிட்சைப் போட்டதும் எடுத்த எடுப்பில் முழு வேகம், நூல் பட்டென்று அறுந்தது. பெட்ஷீட்டுக்குப் போகும் தடித்த நூல் அந்த இழுப்பைத் தாங்கிவிடும். சேலைக்கு வரும் 60-ம் நம்பர் நூல் தாங்காது. கையால் சுற்றும்போது மெதுவாகத் தொடங்கி, நூல் இறுகினால் தானாகவே கை தளர்ந்துவிடும். சுவிட்சுக்கு அந்தத் தளர்ச்சி தெரியாது.

எனக்கு வந்த வேலை இதுதான்: 12 வோல்ட் டிசி மோட்டார், அதன் வேகத்தைக் காலால் கூட்டிக் குறைக்க ஒரு பெடல், நடுவில் நிரலை ஓட்டும் சின்னக் கணினிச் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரும், அது சொல்கிறபடி மோட்டார் கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்துப் போனேன். ஆறு வாரம் ஆனது. நிரல் முதல் நாளே ஓடியது. மீதி நாளெல்லாம் நிரலுக்கு வெளியே போனது.

மாமாவின் ரெசிஸ்டர்

நான் போவதற்கு முன்பே மாமா ஒரு வழி கண்டிருந்தார். ராட்டையில் தார்க்குச்சியை மாட்டிச் சுழலும் கதிரை அப்படியே வைத்துக்கொண்டு, சக்கரம் இருந்த இடத்தில் 775 வகை மோட்டார் ஒன்றை ரப்பர் பெல்ட்டோடு இணைத்திருந்தார். 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த மோட்டாரைக் கடையில் 775 என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். சிசிடிவி கேமராவுக்கு வாங்கிய 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர்தான் சப்ளை. வேகத்தைக் குறைக்க மோட்டாரோடு தொடராக 3.3 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று. பழைய தையல் மிஷின் பெடலுக்குள் கார்பன் வில்லைகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அதைப் பார்த்து வந்த யோசனை.

அளந்து பார்த்தேன். சுற்றும்போது மோட்டார் 1.8 ஆம்பியர் இழுத்தது. 1.8-ஐ வர்க்கமாக்கி 3.3-ஆல் பெருக்கினால் 10.7 வாட். அவ்வளவும் அந்த வெள்ளைக் கட்டியில் சூடாகப் போகிறது, அடியில் இருந்த பலகை கருகிப்போயிருந்தது. தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசி பறக்காத இடம் கிடையாது. அதற்கு நடுவே கொதிக்கிற ரெசிஸ்டர் வேண்டவே வேண்டாம் என்று கழற்றிப் போட்டேன். கொஞ்சம் கேலியாகவும் பேசினேன். அந்தக் கேலிக்குப் பிறகு வருத்தப்பட்டேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதல் மூன்று சாவுகள்

அத்தை மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. "மச்சான், கோடு நான் எழுதிட்டேன், ஊனோ போர்டுகூட இருக்கு" என்று தயாராக நின்றான். ஆர்டுயினோ ஊனோ என்பது மைக்ரோகன்ட்ரோலர் வைத்த ஒரு போர்டு. அதில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் ஒரு காலில் இருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடிய கரண்ட் 20 மில்லிஆம்பியர், 40-ஐத் தாண்டினால் கால் போய்விடும். மோட்டாருக்கோ 1.8 ஆம்பியர் வேண்டும். நடுவில் டிரான்சிஸ்டர் தேவை என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. கையில் இருந்த டிரான்சிஸ்டர் பிசி547.

பிசி547 தாங்குவது 100 மில்லிஆம்பியர். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்ன "டிக்", தலையில் ஒரு பிளவு, கொஞ்சம் நாற்றம். சரி, பாடம் மலிவாகத்தான் முடிந்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் எல்லாமே இதில் வந்துதான் முட்டும். மோட்டார் சுருளின் தடை 1.2 ஓம். நிற்கும் மோட்டாருக்கு எதிர் மின்னழுத்தம் கிடையாது, அதனால் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அந்தக் கணத்தில் பாயும் கரண்ட் 12-ஐ 1.2-ஆல் வகுத்தால் வரும் 10 ஆம்பியர். வேகம் ஏற ஏற மோட்டாரே ஒரு ஜெனரேட்டராகி எதிர்த்துத் தள்ளும், கரண்ட் 1.8-க்கு இறங்கும். மோட்டாரின் முறுக்கு விசை கரண்டைப் பொறுத்தது. ஆகவே சுவிட்சைப் போட்டதும் நூல் மீது விழும் இழுப்பு, சாதாரண ஓட்டத்தைப் போல ஐந்தரை மடங்கு. நூல் ஏன் அறுந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து டிப்120. இது டார்லிங்டன் வகை, ஒரே உறைக்குள் இரண்டு டிரான்சிஸ்டர். பெருக்கம் ஆயிரத்துக்குக் குறையாது, திறக்கச் சொல்லும் காலான பேஸில் 1 கிலோ ஓம் வைத்து 3.6 மில்லிஆம்பியர் கொடுத்தாலே போதும். மோட்டார் அழகாக ஓடியது. 9-ம் காலில் இருந்து பிடபிள்யூஎம் துடிப்பு போய், டிரான்சிஸ்டர் நொடிக்கு 490 முறை திறந்து மூடியது. திறந்திருக்கும் நேரத்தின் விகிதத்தைத்தான் டியூட்டி என்கிறோம். டியூட்டி பாதி என்றால் மோட்டாருக்குச் சராசரியாக 6 வோல்ட். ரெசிஸ்டரைப் போல வழியில் மின்சக்தியைக் குடித்துத் தீர்க்காமல் வேகம் குறைகிறது. மாப்பிள்ளை முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் விரல் சுட்டது. டார்லிங்டனின் குறை அது: முழுசாகத் திறந்தாலும் தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளும். அளந்தபோது 1.1. அதை 1.8 ஆம்பியரால் பெருக்கினால் 2 வாட். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இல்லாத அந்த உறை, வாட்டுக்கு 62.5 டிகிரி சூடேறும். ஆக 125 டிகிரி ஏற்றம், ஈரோட்டு வெயிலில் அறைச்சூடு 34-ஐயும் சேர்த்தால் 159. உள்ளே உள்ள சிலிக்கான் தாங்குவது 150 வரைதான். ஹீட் சிங்க் வைத்தால் தீரும், ஆனால் ஃபேன் இல்லாத அலுமினியத் துடுப்புகளுக்கு இடையே பஞ்சு அடைந்து ஒரே மாதத்தில் மெத்தை ஆகிவிடும். அடுத்த அரை மணியில் அது தானே போய்விட்டது, முடிவெடுக்கிற சிரமம் எனக்கு இல்லாமல் போனது.

மூன்றாவது ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட். கேட் என்ற காலில் கொடுக்கும் மின்னழுத்தத்தால் திறக்கிற டிரான்சிஸ்டர்தான் மாஸ்ஃபெட். மாஸ்ஃபெட் வாங்கும்போது நடுவில் இருக்கும் "எல்" எழுத்தைக் கவனித்து வாங்க வேண்டும். கடையில் அதிகம் கிடைப்பது ஐஆர்எஃப்இசட்44என். அதன் 17.5 மில்லிஓம் தடை, கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான் உறுதி. கேட் திறக்கத் தொடங்கும் அளவே 2-லிருந்து 4 வோல்ட் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 5 வோல்ட் போர்டில் ஒரு பீஸ் நன்றாக ஓடும், அடுத்த பீஸ் சுடும். "எல்" வகை 1-லிருந்து 2 வோல்ட்டுக்குள் திறக்கத் தொடங்கிவிடும், 5 வோல்ட்டில் 25 மில்லிஓம். கணக்குப்படி அது வீணாக்குவது 0.1 வாட்டுக்கும் கீழே. ஜில்லென்று இருக்க வேண்டியது.

சுட்டது. மோட்டாரும் முன்பைவிட மெதுவாகத்தான் ஓடியது. டியூட்டியை 100 சதவீதம் வைத்துவிட்டு கரண்ட் நுழையும் டிரெயினுக்கும் வெளியேறும் சோர்ஸுக்கும் நடுவே அளந்தால் 1.4 வோல்ட். அரைகுறையாகத் திறந்த கதவு. கேட்டில் மல்டிமீட்டரை வைத்தேன், 2.5 வோல்ட் காட்டியது. போர்டின் காலில் 5 இருக்கிறது, கேட்டுக்கு வரும்போது பாதி எங்கே போனது?

கம்பியைத் தொடர்ந்து போனதும் புரிந்தது. டிப்120-க்குப் பேஸ் ரெசிஸ்டர் வைத்த பழக்கத்தில் மாப்பிள்ளை கேட்டுக்கும் ஒரு 10 கிலோ ஓம் வைத்திருந்தான். அப்புறம், போர்டு ரீசெட் ஆகும் ஓரிரு நொடிகள் கால்கள் எதோடும் சேராமல் மிதப்பதால் மோட்டார் பேய் பிடித்த மாதிரி துள்ளும். அதைத் தடுக்கக் கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது சப்ளையின் மைனஸுக்கு, இன்னொரு 10 கிலோ ஓம். இரண்டுமே தனித்தனியாக நல்ல எண்ணம்தான். சேர்ந்ததும் 5 வோல்ட்டைச் சரிபாதியாகப் பிரிக்கிற சட்டமாகிவிட்டது. தொடர் ரெசிஸ்டரை 220 ஓம் ஆக்கினேன், கேட்டில் 4.9 வந்தது. மாஸ்ஃபெட் குளிர்ந்தது. செத்தது இரண்டுதான், மூன்றாவது பிழைத்துவிட்டது. மேலே உள்ள தலைப்பை மாற்ற மனம் வரவில்லை.

விக்கல்

இப்போது டிரான்சிஸ்டர் ஜில்லென்று இருந்தது, ஆனால் பெடலை வேகமாக மிதித்தால் போர்டு ரீசெட் ஆனது. அடாப்டரின் விளக்கும் விக்கல் எடுப்பது போல அணைந்து அணைந்து எரிந்தது. 5 ஆம்பியர் அடாப்டரிடம் 10 ஆம்பியர் கேட்டால் அது தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை மூடிவிட்டு மறுபடி முயலும். பாதிக் காரணம் அது. மீதிப் பாதி, ஈயம் வைக்காமல் கம்பிகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் இருந்தது. மோட்டார் கரண்ட் திரும்பி வரும் பாதையும் போர்டின் கிரவுண்டும் ஒரே மெல்லிய கம்பி. தலைமுடி மாதிரிக் கம்பியில் 10 ஆம்பியர் பாய்ந்தால் அரை வோல்ட் விழும், போர்டைப் பொறுத்தவரை தரையே ஆடும்.

மோட்டார் கம்பிகளைப் பிரெட்போர்டில் இருந்து முழுக்க வெளியே எடுத்துத் தடித்த கம்பியால் நேராக ஈயம் வைத்தேன். இரண்டு கிரவுண்டும் அடாப்டர் கம்பி வந்து சேரும் ஒரே புள்ளியில் சந்திக்கிற மாதிரி மாற்றினேன். மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. நிரலில், பெடலை எவ்வளவு வேகமாக மிதித்தாலும் டியூட்டி 0-விலிருந்து 100-க்குப் போக ஒன்றரை நொடி எடுக்கும்படி செய்தேன். விக்கல் நின்றது. தொடக்க இழுப்பில் நூல் அறுவதும் அதோடு நின்றது.

மாப்பிள்ளை கேட்ட ஒரு நல்ல கேள்வியை இங்கே சேர்க்கிறேன். மோட்டார் நின்ற நிலையில் 20 சதவீத டியூட்டியில் 2.4 வோல்ட் என்றால் மோட்டாரில் 2 ஆம்பியர் பாய வேண்டும், அடாப்டர் பக்கம் மீட்டர் 0.4 மட்டும் காட்டுகிறதே, மிச்சம் எங்கிருந்து வருகிறது? சுருளில் இருந்துதான். கதவு மூடியிருக்கும் நேரத்தில் சுருள் தன்னில் சேர்ந்த சக்தியை விட மனமில்லாமல் கரண்டை ஓட்டிக்கொண்டே இருக்கும், அது மோட்டாருக்குக் குறுக்கே இருக்கும், ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் டயோடு வழியாகச் சுற்றி வரும். டயோடு இல்லாவிட்டால் அந்தக் கரண்டுக்குப் போக இடமில்லை, மின்னழுத்தம் எகிறி டிரான்சிஸ்டரைத் துளைத்துவிடும். டயோடைப் பாதுகாப்புக்கு வைக்கிறோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் பாதி நேரம் மோட்டாரை ஓட்டுவதே அதுதான்.

அதனால்தான் கடையில் எப்போதும் கொடுக்கும் 1என்4007 இங்கே போதாது. அதன் அளவு 1 ஆம்பியர். பாதி டியூட்டியில் அதன் வழியே சராசரி 0.9 போகும், டியூட்டி குறையக் குறைய இன்னும் கூடும். 1என்5822 ஷாட்கி டயோடு 3 ஆம்பியர் தாங்கும், சட்டென்று மூடவும் செய்யும். வெள்ளிக் கோடு ப்ளஸ் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் மாஸ்ஃபெட் திறந்ததும் சப்ளை நேராகக் கிரவுண்டுக்குப் போகும்.

"அந்தக் கொசு சத்தம்"

இரண்டாவது வாரம் அத்தையின் புகார் வந்தது. மோட்டார் ஓடுகிறது, நூல் அறுவதில்லை, ஆனால் "காதுக்குள்ளயே ஒரு கொசு கத்துதே கண்ணு, சீரியல் கேக்க முடியல." 490 ஹெர்ட்ஸ் என்பது காதுக்கு நன்றாகக் கேட்கிற சுருதி, சுருள் அதே சுருதியில் அதிர்ந்து பாடும். இன்னொரு பலனும் உண்டு: இவ்வளவு மெதுவாகத் திறந்து மூடினால், சின்ன டியூட்டியில் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே கரண்ட் பூஜ்யத்துக்கே இறங்கிவிடும். பெடலின் முதல் கால்வாசியில் எதுவும் நடக்காமல் இருந்துவிட்டுத் திடீரென்று பாய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

காதுக்குக் கேட்காத சுருதிக்குப் போக வேண்டும். 9-ம் காலை நடத்தும் டைமர் 1-ஐ, ஏறி இறங்கி எண்ணும் முறையில் வைத்து உச்ச எண்ணை 400 ஆக்கினால், 16 மெகாஹெர்ட்ஸை 800-ஆல் வகுத்து 20 கிலோஹெர்ட்ஸ் வரும். வேகத்துக்கு 400 படிகளும் கிடைக்கும். மூன்று வரி மாற்றம். கொசு செத்தது.

மாஸ்ஃபெட் மறுபடி சூடானது.

இந்த முறை எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. கேட்டில் 4.9 வோல்ட் சரியாக இருக்கிறது, முழு டியூட்டியில் ஜில்லென்று இருக்கிறது, பாதியில் சுடுகிறது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டபோது பிடிபட்டது. கேட் என்பது ஒரு குட்டிக் குடம். இந்த மாஸ்ஃபெட்டில் அது நிறைய 48 நானோகூலம் வரை மின்னூட்டம் வேண்டும். 220 ஓம் வழியாக ஊற்றினால், கதவு அரைகுறையாக நிற்கும் அந்தக் கட்டத்தைத் தாண்டவே 2.5 மைக்ரோநொடி ஆகிறது. திறக்க ஒரு முறை, மூட ஒரு முறை, மொத்தம் 5. நொடிக்கு 490 முறை என்றால் ஒரு சுற்றுக்கு 2000 மைக்ரோநொடிக்கு மேல் இருக்கிறது, அதில் 5 யாருக்கும் தெரியாது. 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 50 மைக்ரோநொடி, பத்தில் ஒரு பங்கு நேரம் கதவு அரைகுறையாகவே நிற்கிறது. 12 வோல்ட், 1.8 ஆம்பியர், அதில் பாதி, அதில் பத்தில் ஒன்று: ஏறக்குறைய 1 வாட். அறைச்சூட்டுக்கு மேல் 60 டிகிரிக்கும் அதிகம்.

டிப்120 சுட்டது, கேட்டில் 2.5 வோல்ட் வந்தபோது சுட்டது, இப்போது சுட்டது, மூன்றும் ஒரே நோய்தான். முழுசாக மூடிய டிரான்சிஸ்டரில் கரண்ட் இல்லை, முழுசாகத் திறந்ததில் மின்னழுத்தம் இல்லை, இரண்டிலும் சூடு கிடையாது. சூடெல்லாம் நடுவில் நிற்கும்போதுதான்.

குடத்தைச் சீக்கிரம் நிரப்பவும் கவிழ்க்கவும் ஆள் வேண்டும். கேட் டிரைவர் என்று தனி சிப் கிடைக்கிறது, ஊரில் உடனே கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் டப்பாவில் பிசி547 இன்னும் நாலு இருந்தது, அதன் ஜோடி பிசி557-ம் இருந்தது. இரண்டின் பேஸையும் சேர்த்துப் போர்டின் காலுக்கு, இரண்டின் எமிட்டரையும் சேர்த்து 47 ஓம் வழியாகக் கேட்டுக்கு, 547-ன் கலெக்டர் 5 வோல்ட்டுக்கு, 557-ன் கலெக்டர் கிரவுண்டுக்கு. ஒன்று ஊற்றும், மற்றது கவிழ்க்கும். 47 ஓம் இருப்பதால் அதிகபட்சம் 90 மில்லிஆம்பியர், அதுவும் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவாக. முதல் நாள் மோட்டாரை ஓட்டப் போய் வெடித்த அதே ரகம் இந்த வேலைக்குக் கனகச்சிதம். வழியில் 0.7 வோல்ட் விழுந்து கேட்டுக்கு 4.3-தான் கிடைக்கிறது, பரவாயில்லை, 4 வோல்ட்டிலேயே 35 மில்லிஓம் உறுதி. ரீசெட் நேரத்துக் கிரவுண்டு ரெசிஸ்டரைப் பேஸிலும் ஒன்று, கேட்டிலும் ஒன்று வைத்தேன். சூடு கைக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியது.

நான் செய்த பெரிய தப்பு

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தார் தடித்துக்கொண்டு வரும்போதும், சிட்டம் சிக்கி இறுகும்போதும் வேகம் மாறுவது எனக்கு உறுத்தியது. அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உறுத்தியது எனக்குத்தான். வேகம் மாறாமல் நிற்க வேண்டும், அதுதானே முறையான கட்டுப்பாடு என்று எண்ணினேன்.

கதிரில் சின்னக் காந்தம் ஒட்டி, காந்தம் கடப்பதை உணரும் ஏ3144 ஹால் சென்சாரால் சுற்றுகளை எண்ணினேன். பெடல் கேட்கிற வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து டியூட்டியை ஏற்றி இறக்கும் பிஐ கட்டுப்பாடு எழுதினேன். வித்தியாசத்துக்கு ஏற்ப உடனே ஒரு பங்கு, தீராத வித்தியாசத்தைக் கூட்டிச் சேர்த்து இன்னொரு பங்கு. கதிரை விரலால் அழுத்தினாலும் வேகம் அசையவில்லை. கூட்டாளி ஒருவனுக்கு வீடியோ எடுத்துக்கூட அனுப்பினேன்.

மறுநாளே அத்தை போன் செய்தார். "பழையபடி அறுக்குது கண்ணு. முன்னைக்கும் மோசம்."

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சிட்டத்தில் ஒரு சிக்கு வருகிறது. நூல் இறுகுகிறது. கதிர் தளர வேண்டிய நேரம், ஆனால் என் நிரல் "வேகம் குறைகிறதே" என்று இன்னும் சக்தியை ஊற்றுகிறது. நூல் போகிறது. அதைவிட மோசமான ஒன்றையும் அன்று பார்த்தேன். பெரிய முடிச்சில் மாட்டிக் கதிர் இரண்டு நொடி நின்றுவிட்டது. அந்த இரண்டு நொடியும் நிரல் தீராத வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தது. அத்தை விரலால் சிக்கை விடுவித்ததும், சேர்ந்த கூட்டுத்தொகை எல்லாம் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கதிர் முழு வேகத்துக்குத் துள்ளியது. நூல் அத்தையின் ஆள்காட்டி விரலைக் கீறிவிட்டது. பெரிய காயம் இல்லை, மஞ்சள் வைத்துக் கட்டினார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் மாமாவின் ரெசிஸ்டர் ஞாபகம் வந்தது. 3.3 ஓம் ரெசிஸ்டரும் 1.2 ஓம் சுருளும் சேர்ந்து 4.5. மோட்டார் முழுசாக நின்றாலும் பாயக்கூடியது 2.67 ஆம்பியர்தான். சாதாரண ஓட்டத்தின் 1.8-க்கு மேல் கொஞ்சமே மிச்சம். சிக்கு வந்தால் மோட்டார் தானாகத் தளர்ந்து நின்றுவிடும். அத்தையின் கை செய்ததையேதான் அந்த ரெசிஸ்டரும் செய்துகொண்டிருந்தது. நான் கருகிய பலகையைப் பார்த்தேனே தவிர, ரெசிஸ்டர் இருந்தவரை நூல் எத்தனை முறை அறுந்தது என்று மாமாவிடம் கேட்கவே இல்லை. அன்று கேட்டேன். "அறுந்தா நான் எதுக்குடா அதை வெச்சிருப்பேன்" என்றார். விடியோவை அழித்துவிட்டேன்.

தளர்ச்சியைத் திருப்பிக் கொடுத்தது

ஹால் சென்சாரையும் பிஐ நிரலையும் எடுத்தேன். இந்த வேலைக்குக் கட்ட வேண்டியது வேகத்தை அல்ல, கரண்டை. கரண்ட் ஏறினால் முறுக்கு விசை ஏறுகிறது, அதாவது நூல் மீது இழுப்பு ஏறுகிறது.

மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று. 1.8 ஆம்பியரில் அதில் விழுவது 0.18 வோல்ட், வீணாவது 0.32 வாட். இவ்வளவு சின்ன மின்னழுத்தத்தைப் போர்டு நேராகப் படித்தால் படி பெரிதாக இருக்கும், அதனால் எல்எம்358 என்ற பெருக்கிச் சிப்பால் 11 மடங்கு பெருக்கினேன். கிரவுண்டு வரை படிக்கக்கூடியது அந்தச் சிப், இந்த இடத்துக்குப் பொருந்தும். 1 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் வடிகட்டி வைத்துத் துடிப்பைச் சமப்படுத்தினேன்.

ஒரு நுணுக்கம், இதில் நான் ஒரு நாள் தடுக்கி விழுந்தேன். அந்த ரெசிஸ்டரில் கதவு திறந்திருக்கும்போது மட்டும்தான் கரண்ட் பாயும். மூடியிருக்கும்போது கரண்ட் டயோடு வழியே மோட்டாரையே சுற்றி வருகிறது, ரெசிஸ்டருக்குத் தெரியாது. ஆகவே படிக்கிற சராசரியை டியூட்டியால் வகுத்தால்தான் மோட்டாரின் உண்மைக் கரண்ட் வரும். வகுக்க மறந்த நாளில், மெதுவான வேகத்தில் எல்லை வேலையே செய்யவில்லை. மிகச் சின்ன டியூட்டியில் வகுத்தாலும் எண் தாறுமாறாகப் போகும். அதனால் 10 சதவீதத்துக்குக் கீழே எல்லையைப் பார்ப்பதில்லை. அங்கே நின்ற மோட்டாரிலும் 1 ஆம்பியருக்கு மேல் பாய வழியில்லை.

நிரல் இப்போது செய்வது இதுதான்: பெடல் டியூட்டியைச் சொல்கிறது. கரண்ட் எல்லையைத் தாண்டினால், பெடல் என்ன சொன்னாலும் டியூட்டி இறங்குகிறது. எல்லைக்குள் வந்ததும் அதே ஒன்றரை நொடி ஏற்றத்தில் மெல்லத் திரும்புகிறது. எல்லை 2.4 ஆம்பியர் என்று தொடங்கி, அத்தை சொல்லச் சொல்ல 2.2-க்கு இறக்கினேன். தடித்த நூலுக்கும் மெல்லிய நூலுக்கும் மாற்ற ஒரு திருகு வைத்து, அதில் அத்தையே நகப் பூச்சால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டார்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உச்ச வேகத்தில் ஓடும் கதிரிலும் தாரிலும் சேர்ந்திருக்கும் சுழல் வேகத்தைக் கரண்டைக் குறைத்து நொடியில் எடுத்துவிட முடியாது. அந்த வேகத்தில் முடிச்சு மாட்டினால் நூல் அறுகிறது. அதற்காக உச்ச டியூட்டியை 70 சதவீதத்தில் நிறுத்தினேன்.

பெடல் பக்கம் இரண்டு காரியம் செய்திருக்கிறேன், விரல் கீறிய பிறகு வந்த புத்தி. பெடலுக்குள், மிதிக்க மிதிக்க மின்னழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் 10 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டரின் நடுக்கம்பி அறுந்தால், போர்டின் கால் மிதந்து எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்டும். அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம் வைத்தால், கம்பி அறுந்தால் எண் பூஜ்யமாகும், மோட்டார் நிற்கும். இரண்டாவது, மின்சாரம் வந்ததும் பெடல் ஒரு முறை பூஜ்யத்துக்கு வந்து போனால்தான் மோட்டார் கிளம்பும். கரண்ட் போய் வரும் ஊரில், பெடல் மீது கால் இருக்கும்போதே கரண்ட் வந்தால் கதிர் பாயக் கூடாது.

கடைசியாக எல்லையைத் திருத்தி அமைத்துக்கொண்டிருந்த நாளில் மாமா வந்து, கதிரின் இரண்டு புஷ்ஷிலும் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டார். மீட்டரில் 1.8 ஆக இருந்தது 1.5-க்கு இறங்கியது. ஆறு வாரத்தில் நான் செய்த எதுவும் 0.3 ஆம்பியர் மிச்சம் பிடிக்கவில்லை. எல்லையை மறுபடி 1.9-க்கு இறக்கி, அத்தையின் இரண்டு புள்ளிகளையும் அழித்து வேறு இடத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

நாலு மாதமாக ஓடுகிறது. பெட்டியைத் திறந்து பார்த்தேன், மாஸ்ஃபெட் மீது பஞ்சு படிந்திருக்கிறது, சூடு இல்லை. பெடலின் பொட்டன்ஷியோமீட்டர்தான் தூசி ஏறிக் கரகரக்கத் தொடங்கியிருக்கிறது, மெதுவாக மிதித்தால் வேகம் லேசாகத் துடிக்கிறது. உரசல் இல்லாத வகையாக, காந்தமும் நேர்கோட்டு ஹால் சென்சாரும் வைத்து அதை மாற்றப் போகிறேன். ஹால் சென்சார் என்றதும் அத்தை, "மறுபடி அந்த வேகத்தைப் புடிக்கிறதா?" என்று கேட்டார். இல்லைங்க அத்தை, பெடலுக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன்.